அம்பாசிடரின் பின்பட்டை புஷ்களை வீட்டிலேயே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

வேகத்தடையில் முன்சக்கரங்கள் சத்தமில்லாமல் ஏறி இறங்கிவிட்டு, பின்சக்கரங்கள் இறங்கும்போது மட்டும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், அம்பாசிடர் வைத்திருப்பவர் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் குற்றம் சொல்வார். நானும் அப்படித்தான் நல்ல நிலையில் இருந்த இரண்டு ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் போட்டுக்கொண்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்பினேன். தேய்ந்திருந்தவை, பின்பக்க லீஃப் ஸ்பிரிங்குகளின் முனைகளில் உள்ள, அவற்றைவிடப் பல மடங்கு மலிவான ரப்பர் புஷ்கள். அவற்றை மாற்றுவதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சமதளமான ஓர் இடமும், இரண்டு நாள் விடுமுறையும், துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டும் பொறுமையும் இருந்தால் போதும்.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 காரை அடிப்படையாகக் கொண்டு 1950களின் இறுதியில் மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கிய அம்பாசிடர், 2014 மே மாதம் உற்பத்தி நின்றது வரை எத்தனையோ முகங்களை மாற்றிக்கொண்டது. 1489 சி.சி. என்ஜின் போய் 1800 இசுசு என்ஜின் வந்தது, ஸ்டியரிங்கிலிருந்த கியர் தரைக்கு இறங்கியது. ஆனால் பின்பக்கத்தில் ஒரே இரும்புக் குழாயாக நீளும் ஆக்சிலும், அதைத் தாங்கும் இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளும் கடைசி வரை மாறவில்லை. ஆகையால் கீழே சொல்லும் முறை அம்பாசிடர் மாடல்களில் மார்க் 2க்கும் பொருந்தும், நோவாவுக்கும் பொருந்தும்.

புஷ் என்ன வேலை செய்கிறது

லீஃப் ஸ்பிரிங்கைப் பட்டறைகளில் பட்டை என்று சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். பல தகடுகளை அடுக்கிய அதில் மிக நீளமான மெயின் பட்டையின் இரண்டு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்முனை வளையம் ஒரு போல்ட்டின் மூலம் பாடியின் அடியில் உள்ள பிராக்கெட்டில் மாட்டப்பட்டிருக்கும். பட்டை அழுந்தும்போது அதன் வளைவு நிமிர்ந்து நீளம் கூடும் என்பதால், பின்முனையை அப்படி இறுக்கமாக மாட்ட முடியாது. அது சேக்கிள் என்னும் இரண்டு தகடுகளும் இரண்டு இரும்புப் பின்களும் கொண்ட ஊஞ்சலில் தொங்கும். முன்வளையத்தில் வெளிக்குழாய், ரப்பர், உள்குழாய் மூன்றும் ஒட்டிய ஒரே உருளையாக ஒரு புஷ் இருக்கும். சேக்கிளில் மேல் பின்னுக்கு இரண்டும் கீழ் பின்னுக்கு இரண்டுமாக, விளிம்பு வைத்த அரைப் புஷ்கள் இருக்கும்.

இந்த ரப்பர் புஷ் பேரிங்கைப் போலச் சுழலும் பொருள் அன்று. போல்ட்டை இறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும், வெளிக்குழாய் பட்டையோடு சேர்ந்து அசையும், இடையிலுள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு பிறகு தன் நிலைக்குத் திரும்பும். எங்கே எண்ணெய் படக் கூடாது, எந்த நட்டை எப்போது இறுக்க வேண்டும், எதை அழுத்தி உள்ளே ஏற்ற வேண்டும் என்ற எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த ஒரு செய்தியில்தான் இருக்கிறது. கிரீச் சத்தம் வருகிறது என்று போன ஒரு காருக்கு, பழைய என்ஜின் ஆயிலைத் தூரிகையால் தொட்டுப் பட்டை முழுவதும் பூசி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் ஒரு வாரம் நின்றது. பிறகு சேக்கிள் ரப்பர்கள் ஊறி உப்பி, தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டிக்கொண்டன.

தேய்மானத்தை உறுதி செய்தல்

முன்வளையப் புஷ்ஷும் சேக்கிள் புஷ்களும் வெவ்வேறு விதமாகத் தங்கள் நோயைச் சொல்லும். அம்பாசிடர் பின்சக்கரங்களால் ஓடும் கார். என்ஜினின் உந்துவிசையும் பின்பிரேக்கின் விசையும் முன்வளையத்தின் வழியாகத்தான் பாடிக்குச் செல்கின்றன. ஆகவே அது தேய்ந்தால் கிளட்சை விடும்போதும் பிரேக்கை மிதிக்கும்போதும் ‘டொக்’ என்று ஒரே ஒரு அடி கேட்கும். சேக்கிள் தேய்ந்தால் குண்டும் குழியுமான சாலையில் விடாத கடகடப்பும், வளைவுகளில் பின்பக்கம் தாமதமாகத் தொடர்ந்து வருவதுபோன்ற ஓர் உணர்வும் இருக்கும்.

ஆனால் கிளட்சை விடும்போது வரும் சத்தத்துக்குப் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸும் (யுனிவர்சல் ஜாயின்ட்) காரணமாக இருக்கலாம் என்பதால், காரின் அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கையால் இருபுறமும் முறுக்கிப் பார்த்து, கிராஸில் ஆட்டமில்லை என்று தெரிந்த பிறகே பட்டைக்கு வர வேண்டும். ஆக்சிலைப் பட்டையோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகளின் நட்டுகளையும் இப்போதே தொட்டுப் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் ஆக்சில் பட்டையின் மேல் முன்பின்னாக நகரும், பட்டையின் தகடுகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் ஒருநாள் முறிந்தே போகும்.

புஷ்ஷைச் சோதிக்கச் சிறிய கடப்பாரை ஒன்றை வளையத்துக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் கொடுத்து மெல்ல நெம்பினால் போதும். நல்ல புஷ் ஒரு மில்லிமீட்டர் அளவு அழுந்தித் திரும்பும். கெட்டது தடையின்றி நகர்ந்து இரும்பில் இரும்பு இடிக்கும். உள்குழாய் வளையத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் நெம்பவே தேவையில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்தும் பின்சக்கரத்தின் மையத்திலிருந்தும் கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்து, இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை இடப்புறமும் வலப்புறமும் அளந்து எழுதிவையுங்கள். அம்பாசிடரின் சக்கர இடைவெளி 2464 மில்லிமீட்டர். உங்கள் கார் அந்த எண்ணைத் துல்லியமாகக் காட்டாவிட்டாலும் கவலையில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒரு பக்கம் கணிசமாகக் குறைந்தாலோ கூடினாலோ ஆக்சில் கோணலாக நிற்கிறது என்று பொருள். அந்தக் காரின் பின்னால் வருபவருக்கு அது நண்டைப்போலச் சற்றுப் பக்கவாட்டில் போவதாகத் தெரியும்.

பிராக்கெட்டைப் பார்த்துவிட்டுப் பொருள் வாங்குங்கள்

இந்தக் காருக்குத் தனிச் சட்டம் (சேஸிஸ்) கிடையாது, பாடியே சட்டம். முன்பிராக்கெட் உட்காரும் இடத்திலும், சேக்கிளின் மேல் பின் நுழையும் குழாயைச் சுற்றியும், சக்கரம் வாரியிறைக்கும் சேறு ஆண்டுக்கணக்கில் தங்கி உள்ளேயே அரிக்கும். சேற்றைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பழைய ஸ்க்ரூடிரைவரால் பலமாகக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்தில் நல்ல தகடு வைத்து வெல்டிங் செய்த பிறகுதான் மற்ற வேலை. அரித்த பிராக்கெட்டில் புதுப் புஷ் போடுவது பயனற்றது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இதைப் பார்க்காமல் போல்ட்டில் கைவைத்துவிட்டுப் பாதியில் விழிப்பவர்களே அதிகம்.

சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலோ புதுப்பேட்டையிலோ இன்றும் இந்தப் புஷ்கள் கிடைக்கின்றன. ஒரு காருக்கு முன்வளையப் புஷ் 2, அரைப் புஷ் 8, முன்போல்ட் நட்டுடன் 2 என்று கணக்கு. அடையாளத்துக்குப் பழைய புஷ் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது. ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே மேலெழ வேண்டும். நகம் வழுக்கினால் கிடங்கில் கிடந்து இறுகிய சரக்கு, பள்ளம் அப்படியே நின்றால் மலிவான கலவை. யூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும் என்று கடைக்காரர் சொல்வார். வரும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும். பின்சீட்டின் சொகுசுக்காகவே வைத்திருக்கும் காருக்கு நான் ரப்பரைத் தவிர வேறு எதையும் போடமாட்டேன்.

போல்ட் மட்டும் உயர்தர எஃகாக இருக்க வேண்டும். அங்குல அளவு போல்ட்டின் தலையில் மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5, ஆறு கோடுகள் இருந்தால் கிரேடு 8; கோடே இல்லாத சாதா போல்ட்டை இந்த இடத்தில் மாட்டாதீர்கள். ஸ்பானரும் அங்குல அளவிலேயே வேண்டும். அரை அங்குல ஸ்பானர் ஏறும் நட்டின் அகலம் 12.7 மில்லிமீட்டர், 13 ஸ்பானர் அதில் உட்கார்ந்ததுபோல் தெரிந்து, துருப்பிடித்த நட்டின் மூலைகளை ஒரே இழுப்பில் மழித்துவிடும். முக்கால் அங்குலத்துக்கு மட்டும் 19 ஸ்பானர் ஏறத்தாழச் சரியாக வரும், ஏனெனில் அது 19.05.

வேலை தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் மாலையில் எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவையுங்கள். பழைய ரப்பர் எப்படியும் குப்பைக்குப் போவதால் அதில் பட்டாலும் பாதகமில்லை; பிரேக் டிரம்முக்குள் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைத் தூக்குதல்

ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அந்தச் சக்கரங்களே அந்தரத்தில் இருக்கப்போகும்போது அதை நம்பி எந்தப் பயனும் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுங்கள். பின்சக்கர நட்டுகளைத் தரையிலேயே அரைச்சுற்று தளர்த்திவிட்டு, ஜாக்கியை ஆக்சிலின் நடுக்குடத்துக்கு (டிஃபரன்ஷியல்) அடியில் வைத்துத் தூக்கி, பட்டையின் முன்பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் பாடியின் தடித்த அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்துங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம். அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு ஏற்றபின் காரைக் கையால் பலமாக உலுக்குங்கள். ஆடினால் இப்போதே ஆடட்டும், நீங்கள் அடியில் இருக்கும்போது வேண்டாம். கழற்றிய சக்கரங்களைப் பாடியின் அடியில் படுக்கவைத்துவிட்டால் அதுவும் ஒரு காப்பு.

ஜாக்கி ஆக்சிலின் அடியிலேயே இருக்கட்டும், ஏனெனில் இனி அதுதான் பட்டையின் பாரத்தைக் கூட்டவும் குறைக்கவும் நம் கையிலுள்ள திருகு. வேலை செய்யும் பக்கத்து ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழற்றிவிட்டு, பாடியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் பிரேக் ஹோஸில் ஒரு கண் வைத்தபடி ஜாக்கியை இறக்குங்கள். ஹோஸ் விறைப்பதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பட்டை தன் இயல்பான வளைவுக்கு வந்து பாரமின்றி நிற்பதே நாம் வேண்டும் நிலை.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம், அந்தப் பக்கத்திலும் ஒரு நேரத்தில் ஒரு முனை. இப்படிச் செய்தால் மறுபக்கப் பட்டை ஆக்சிலைத் தன் இடத்திலேயே பிடித்துவைத்திருக்கும்.

முன்போல்ட்டை வெளியேற்றுதல்

பாதி வேலை இதுதான். நட்டு வந்துவிடும், போல்ட் வராது. பல மழைக்காலங்களில் புகுந்த நீர் உள்குழாயையும் போல்ட்டையும் துருவால் ஒன்றாக்கியிருக்கும். முதலில் போல்ட்டின் தலையில் ஸ்பானரை மாட்டித் திருப்பிப் பாருங்கள். திரும்பும்போது ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டால் குழாயோடு ஒட்டியிருக்கிறது என்று அறியலாம். நட்டைப் போல்ட்டின் முனைக்குச் சமமாகத் திரும்ப ஏற்றி, அதன்மேல் பித்தளைத் துண்டு ஒன்றை வைத்துக் கனத்த சுத்தியலால் அடியுங்கள். பத்து அடிக்குள் அசையாவிட்டால் நூறு அடிக்கும் அசையாது, பிராக்கெட்தான் நெளியும்.

அந்த நிலையில் பலர் காஸ் கட்டரை எடுப்பார்கள். பெட்ரோல் டேங்க் பின்பக்கத்திலேயே இருக்கும் காரில், எரியும் ரப்பர் முகத்தில் சொட்டும்படி மல்லாந்து படுத்துக்கொண்டு அதைச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிராக்கெட்டுக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள சிறு சந்தில் ஹாக்ஸா பிளேடை நுழைத்து, இரண்டு பக்கமும் போல்ட்டை உள்குழாயின் விளிம்போடு சேர்த்து அறுத்துவிடுவதே சுத்தமான வழி. பிளேடின் ஒரு முனையில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு கையால் அறுக்கலாம். உயர்தர எஃகு என்பதால் ஒரு போல்ட்டுக்கு நான்கைந்து பிளேடுகள் தேயும். எனக்கு இடப்பக்கம் மட்டும் ஒரு முழு மதியம் போனது. போல்ட் போய்விட்டதும் ஜாக்கியை இன்னும் சிறிது இறக்கினால் வளையம் பிராக்கெட்டிலிருந்து நழுவிக் கீழே வரும்.

பழையதை நீக்கிப் புதியதை ஏற்றுதல்

முழு மரை போட்ட ஒரு ராடு, இரண்டு நட்டுகள், சில தடித்த வாஷர்கள், புஷ்ஷின் வெளிக்குழாயைவிடப் பெரிய துளையுள்ள ஒரு குழாய்த்துண்டு ஆகியவையே நமக்கு வேண்டிய பிரஸ். ராடை உள்குழாயின் வழியாகச் செலுத்தி, ஒரு பக்கத்தில் வளையத்தின் மேல் குழாய்த்துண்டை வைத்து, மறுபக்கத்தில் வெளிக்குழாயின் அளவே உள்ள வாஷரை வைத்து நட்டை இறுக்கினால், புஷ் குழாய்த்துண்டுக்குள் நகர்ந்து வெளியேறும். மரைக்குக் கிரீஸ் பூசிக்கொள்ளுங்கள். ரப்பர் கிழிந்து உள்குழாய் மட்டும் வந்து, வெளிக்குழாய் வளையத்திலேயே தங்கிவிடுவதும் உண்டு. அப்போது ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு வெளிக்குழாயில் மட்டும் ஒரு நீளவெட்டுப் போட்டு, மெல்லிய உளியால் அதை உட்புறமாக மடித்தால் எளிதில் உருவிவிடலாம். வளையத்தில் ஆழமான கீறல் விழக் கூடாது. பட்டை ஓயாமல் வளைந்து நிமிரும் எஃகு, விரிசல் அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

காலியான வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். சுருளின் முனை திறந்துகொண்டு இடைவெளி தெரிந்தாலோ, சென்டர் போல்ட்டின் அருகே பட்டையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, வேலையை அங்கேயே நிறுத்தி, பட்டையைக் கழற்றி ஸ்பிரிங் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.

புதுப் புஷ்ஷை அதே ராடைக் கொண்டு ஏற்றும்போது, இழுக்கும் வாஷர் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் அமர வேண்டும். உள்குழாயை அழுத்தினால் முழு விசையும் ரப்பரின் வழியாகப் போய், ஒரு நாள்கூட ஓடாத புஷ்ஷின் ஒட்டு உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடும். முதல் இரண்டு சுற்றுக்குள் கோணலாக ஏறுவது தெரிந்தால் வெளியே எடுத்து மறுபடி நேராக்குங்கள். இரண்டு பக்கமும் உள்குழாய் ஒரே அளவு நீட்டியிருக்கும்போது நிறுத்துங்கள்.

ஜாக்கியை உயர்த்தி வளையத்தைப் பிராக்கெட்டுக்குள் கொண்டுவந்து புதுப் போல்ட்டைச் செலுத்துங்கள். போல்ட்டின் உடம்பில் மெலிதாகச் செப்பு கிரீஸ் பூசினால் அடுத்த முறை ஹாக்ஸா தேவைப்படாது. ஆனால் உள்குழாயின் இரண்டு விளிம்புகளும் பிராக்கெட்டைக் கவ்வ வேண்டியவை. அங்கே கிரீஸ் இல்லாமல் துடைத்துவிடுங்கள். நட்டைக் கையால் தொடும் அளவுக்கு மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

சேக்கிள் இதோடு ஒப்பிட்டால் விளையாட்டு. நட்டுகளை நீக்கி ஒரு தகட்டைக் கழற்றி, பின்கள் பொருத்திய மறு தகட்டைத் தட்டினால் முழுதும் வந்துவிடும். பின்களைச் சுத்தம் செய்து விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் படியில் தடுக்கினால் பின் தேய்ந்திருக்கிறது, சேக்கிளையே மாற்றுங்கள். அரைப் புஷ்கள் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஏற்றலாம், அது காய்ந்துவிடும். எண்ணெயும் கிரீஸும் கூடாது. விளிம்பு வெளிப்பக்கம் வர வேண்டும். இங்கும் நட்டுகளைக் கையளவோடு விடுங்கள். பிறகு மறுபக்கம்.

பாரம் ஏற்றிய பிறகு இறுக்குதல்

முதல் முறை இந்த வேலையைச் செய்தபோது, ஆக்சில் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே எல்லா நட்டுகளையும் இறுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவினேன். ஒரே மழைக்காலத்தில் முன்வளையப் புஷ்கள் இரண்டும் கிழிந்தன. தொங்கும் நிலையில் கவ்விக்கொண்ட ரப்பர், கார் தரையில் நின்றதுமே ஒரு கோணத்துக்கு முறுக்கிக்கொள்கிறது. நிறுத்தியிருக்கும்போதுகூட அந்த முறுக்கு தளர்வதில்லை, ஒவ்வொரு பள்ளத்திலும் அதற்கு மேலும் முறுக்க வேண்டியிருக்கிறது. கார் தன் எடையில் நிற்கும்போது ரப்பர் ஓய்வாக இருக்க வேண்டும் என்றால், கார் தன் எடையில் நிற்கும்போதுதான் நட்டை இறுக்க வேண்டும்.

தரையில் நிற்கும் காரின் அடியில் ஸ்பானர் சுழற்ற இடம் இருக்காது என்பதற்கு எளிய தீர்வு உண்டு. ஷாக் அப்சார்பர்களை மாட்டிவிட்டு, ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கி, பாடியின் அடியிலிருந்த ஸ்டாண்டுகளை எடுத்து ஆக்சில் குழாயின் அடியில், பட்டைகளுக்கு அருகில் வைத்து இறக்குங்கள். இப்போது பாடியின் எடை முழுவதும் பட்டைகளின் மேல் இருக்கிறது, உங்களுக்கும் இடம் இருக்கிறது. பின்பம்பரை அழுத்தி நாலைந்து முறை குதிக்கவிட்டு, எல்லாம் தன் இடத்தில் அமர்ந்ததும் முதலில் முன்போல்ட்டுகளையும் பிறகு சேக்கிள் நட்டுகளையும் இறுக்குங்கள். சேக்கிளில் தகடு பின்னின் தோள்பட்டையில் முட்டும் வரை இறுக்கினால் போதும்; அதற்கு மேல் இழுத்தால் மரைதான் போகும். முன்போல்ட்டுக்கு உங்கள் மாடலின் பட்டறைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்குவிசை) அளவைப் பின்பற்றுங்கள். கடைசியாக யூ போல்ட் நட்டுகளை, நான்கையும் குறுக்கு முறையில் சிறிது சிறிதாகச் சமமாக இறுக்குங்கள்.

சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, சக்கர நட்டுகளைத் தரையில் வைத்து முழுதாக இறுக்கிய பின், பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள். முதல் வேகத்தடையிலேயே வித்தியாசம் தெரியும். வீடு திரும்பியதும் தூக்குக் குண்டை எடுத்து அதே நான்கு குறிகளைப் போட்டு, முன்பு எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். எனக்கு முதலில் இரண்டு பக்கத்துக்கும் இடையே 11 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது, பிறகு 2 ஆகக் குறைந்தது. புது ரப்பர் சற்றே அமரும், பட்டைகளுக்கு இடையிலுள்ள துருவும் உதிரும் என்பதால், 200 கிலோமீட்டர் ஓடிய பின் காரைத் தரையில் நிறுத்தியே யூ போல்ட் நட்டுகளில் மறுபடி ஸ்பானர் வையுங்கள். பெரும்பாலும் கால் சுற்று வரும்.